சூடும் குளிர்ச்சியும் ஒரே உடலில்: சீன மருத்துவத்தில் கலப்பு நோய்க்கோலத்தை எப்படிப் பிரித்தறிவது?

பினாங்கு_மாணவன் எழுதியது:

வணக்கம். நான் பினாங்கில் சீன மருத்துவம் பயிலும் மூன்றாம் ஆண்டு மாணவன். ஆசிரியரின் மேற்பார்வையில் நான் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றி இங்கே கேட்க விரும்புகிறேன். சீனத்தில் ‘ஜெங்’ எனப்படுவதற்குத் தக்க தமிழ்ச் சொல் கிடைக்காததால் ‘நோய்க்கோலம்’ என்று எழுதுகிறேன். ஒரு குறிப்பிட்ட ஆளிடம், ஒரு குறிப்பிட்ட வேளையில், நோய் எடுத்திருக்கும் வடிவம் என்று பொருள் கொள்க.

நோயாளிக்கு வயது 54. மளிகைக் கடை நடத்துகிறார். நீரிழிவு உண்டு. தினமும் நான்கு முறை வரை இளக்கமாக மலம் கழிகிறது. மார்பெலும்புக்குக் கீழே ஏதோ அடைத்துக்கொண்டிருப்பது போன்ற உப்புசம் இருக்கிறது, வலி இல்லை. மாதம் ஒருமுறையாவது வாய்ப்புண் வருகிறது. பாதங்கள் சில்லென்று இருக்கின்றன; இரவில் காலுக்குப் போர்வையும் மார்புக்கு மின்விசிறியும் வேண்டும் என்கிறார். நாக்கு வெளிறித் தடித்து, ஓரங்களில் பல் தடம் பதிந்திருக்கிறது. நுனி மட்டும் சிவப்பு. நடுவில் பிசுபிசுப்பான மஞ்சள் படிவு. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பார்த்தால், வலக்கை நாடி என் நடுவிரலுக்கு இழுத்துக் கட்டிய நாண் போலத் தெரிகிறது. இரு கைகளிலும் மூன்றாம் விரலின் கீழ் அழுத்தினால் கிட்டத்தட்டக் காணாமல் போகிறது.

பாடநூல் அட்டவணையோடு ஒப்பிட்டபோது எனக்கு ஆறு கோலங்கள் கிடைத்தன: மண்ணீரல் ஆற்றல் குறை, சிறுநீரக யாங் (வெம்மை தரும் ஆற்றல்) குறை, இரைப்பைச் சூடு, ஈரச் சூடு, கல்லீரல் ஆற்றல் தேக்கம், இதய நெருப்பு. ஒவ்வொன்றுக்கும் உரிய மூலிகைகளைச் சேர்த்ததில் மொத்தம் 22 ஆயின. ஆசிரியர் ஃபூ ஸி என்ற நச்சுக்கிழங்கைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு, மற்றவற்றின் அளவைக் குறைத்து, பத்து நாளுக்கு மட்டும் அனுமதித்தார். உப்புசம் கூடியது, வாய்ப்புண்ணில் மாற்றம் இல்லை. அந்த ஆறில் எது தவறு என்று எனக்குப் புரியவில்லை.

சுக்குவெந்நீர் எழுதியது:

தம்பி, ஆறில் எதுவும் தவறாக இல்லாமலும் இருக்கலாம். ஆறையும் ஒரே வரிசையில் ஒரே எடையோடு நிறுத்தியதுதான் பிழை. அட்டவணை உங்களுக்குப் பெயர்களைத் தருகிறது. அந்தப் பெயர்களுள் எது எதைப் பெற்றது என்பதை அது சொல்வதில்லை.

கலப்பு நோய்க்கோலம் பெரும்பாலும் ஒருநாளில் உண்டாவதில்லை. முதலில் ஒன்று வந்து, அதன்மேல் இன்னொன்று ஏறி, இடையில் யாரோ கொடுத்த மருந்து மூன்றாவதைச் சேர்த்து, கடைசியில் நம்மிடம் வரும்போது எல்லாம் ஒரே நாக்கில் ஒரே நேரத்தில் தெரிகின்றன. சீனாவின் கிழக்கு ஹான் அரசமரபுக் காலத்தின் இறுதியில் ஜாங் ஜோங்ஜிங் எழுதிய ‘ஷாங்ஹான் லுன்’ நூலைப் படித்தால், அதில் எத்தனை வரிகள் ‘வைத்தியர் பேதி கொடுத்தார்’, ‘வியர்க்க வைத்தார்’ என்று முடிந்துபோன தவறு ஒன்றிலிருந்து தொடங்குகின்றன என்று கவனியுங்கள். அதன் 16ஆம் வரி கெட்டுப்போன நோயைப் பற்றியது: நாடியையும் குறிகளையும் பார், எந்த இடத்தில் பிழை நேர்ந்தது என்று அறி, பிறகு இப்போதுள்ள கோலத்துக்கு ஏற்ப மருந்து கொடு என்கிறது. அந்த நடுப்பகுதியைத்தான் நாம் வகுப்பில் வேகமாகக் கடந்துவிடுகிறோம்.

உங்கள் நோயாளி சொன்ன வலியற்ற அடைப்புக்குச் சீனத்தில் ‘பி’ என்று பெயர். 149ஆம் வரியில் அது எப்படி உண்டாகிறது என்று பாருங்கள். பேதி கொடுக்கக்கூடாத நிலையில் பேதி கொடுக்கப்படுகிறது. வயிற்றின் நடுப்பகுதி வலுவிழக்கிறது. மேலே போக வேண்டியது ஏறுவதில்லை, கீழே போக வேண்டியது இறங்குவதில்லை. மேலே தேங்கியது சூடாகி ஓங்கரிப்பையும் வாய்க்கசப்பையும், கீழே தேங்கியது குளிர்ந்து வயிற்று இரைச்சலையும் கழிச்சலையும் தருகின்றன. அங்கே சொல்லப்படும் ‘பான் ஷியா ஷியே ஷின் தாங்’ கஷாயத்தில் ஏழே சரக்குகள்: காரமான பான் ஷியா, கசப்பான ஹுவாங் சின், ஹுவாங் லியென், சுக்கு, ஜின்செங், அதிமதுரம், சீன இலந்தை. கசப்பும் காரமும் இனிப்பும் ஒரே பானையில் இருக்கின்றன. சுக்கு 3 லியாங் (பழைய சீன எடை அளவு) என்றால் ஹுவாங் லியென் 1 லியாங் மட்டுமே என்பதையும், வடித்த பிறகு அந்த நீரை மறுபடியும் அடுப்பேற்றிப் பாதியாகச் சுண்டவைக்கச் சொல்வதையும் கவனியுங்கள். இரு கோலங்களுக்கு இரு மருந்துகளைக் கலந்த கலவை என்று இதைப் பார்ப்பவர்களுக்கு அந்த இரண்டாம் காய்ச்சல் தேவையற்ற வேலையாகத்தான் தெரியும்.

நீங்கள் சிறுநீரகத்துக்காக ஷூ தி ஹுவாங் சேர்த்திருந்தால், உப்புசம் கூடியதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். கறுத்துப் பிசினாக இருக்கும் அந்தக் கிழங்கு, நடுப்பகுதி நகராத வயிற்றில் போய் அமர்ந்துகொள்ளும். சேர்த்தீர்களா?

இன்னும் ஒன்று. எது முதலில் வந்தது, எது பிறகு வந்தது, ஒவ்வொன்றும் வந்தபோது அவர் என்ன உண்டார், எந்த மருந்து எடுத்தார் என்று வருடவாரியாகக் கேட்டு எழுதுங்கள்.

நிறுத்துப்பார்ப்பவன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். முடக்குவாதம் உள்ள 40 பேரை மூன்று சீன மருத்துவர்கள் தனித்தனியே பரிசோதித்த ஓர் ஆய்வு 2005இல் அமெரிக்காவில் வெளியானது. நோய்க்கோலத்தில் அவர்களிடையே இருந்த சராசரி உடன்பாடு மூன்றில் ஒரு பங்கை எட்டவில்லை. ஒரே நோயாளியைப் பார்த்து மூவர் மூன்று பெயர் சொல்லக்கூடிய ஒரு முறையில், ‘எது எதைப் பெற்றது’ என்ற வம்சாவளியை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும் என்று எப்படி நம்புவது?

மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது இரு பக்கமும் வெட்டும். எரிச்சல் குடல் நோய் உள்ள 116 பேரிடம் ஆஸ்திரேலியாவில் நடந்து 1998இல் வெளியான சோதனையில், ஒரு பிரிவுக்கு எல்லாருக்கும் ஒரே சீன மருந்தும், மற்றொரு பிரிவுக்கு ஆளுக்கு ஏற்றபடி வகுத்த மருந்தும், மூன்றாம் பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். 16 வாரத்தின் முடிவில் முதல் இரண்டும் வெறும் மாத்திரையை விடச் சிறந்தன. ஆளுக்கேற்ற மருந்து பொது மருந்தை விடச் சிறந்ததாக அப்போது தெரியவில்லை. ஆனால் மருந்தை நிறுத்தி 14 வாரம் கழித்துப் பார்த்தபோது, ஆளுக்கேற்ற மருந்து பெற்றவர்களிடம்தான் பலன் நீடித்திருந்தது. ஒரே ஒரு சோதனையை வைத்துப் பெரிதாக எதையும் நான் சொல்ல மாட்டேன். ஆயினும் கோலம் பிரிப்பதில் பயன் இருந்தால் அதை எங்கே தேடலாம் என்பதற்கு இது ஒரு தடயம்.

ஏடுபுரட்டி எழுதியது:

நிறுத்துப்பார்ப்பவரின் கேள்வி நியாயமானது. அதைச் சீன மருத்துவர்களே 800 ஆண்டுகளுக்கு முன்பு, மிகக் கொடிய சூழலில், ஒருவரையொருவர் கேட்டிருக்கிறார்கள்.

1232இல் வட சீனாவை ஆண்ட ஜின் அரசின் தலைநகராயிருந்த பியென்லியாங்கை, அதாவது இன்றைய கைஃபெங்கை, மங்கோலியப் படைகள் முற்றுகையிட்டன. முற்றுகை விலகிய பிறகு நகர மக்களிடையே காய்ச்சல் பரவியது. நகருக்குப் பன்னிரண்டு வாயில்கள். ஒவ்வொரு வாயில் வழியாகவும் நாளொன்றுக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் பிணங்கள் வெளியேறின என்றும், ஏறத்தாழ மூன்று மாதம் இப்படியே நடந்தது என்றும் அந்நாளைய மருத்துவர் லி டோங்யுவான் எழுதியிருக்கிறார். மருத்துவர்கள் அந்தக் காய்ச்சலை வெளியிலிருந்து வந்த குளிரின் தாக்குதல் என்று கொண்டு, சிலர் வியர்க்கவைத்தார்கள், சிலர் பேதி கொடுத்தார்கள். லியின் வாதம் வேறு. மாதக்கணக்கில் பசி, அச்சம், ஓயாத உழைப்பு ஆகியவற்றால் வயிறும் மண்ணீரலும் ஏற்கெனவே நொறுங்கியவர்கள், முற்றுகை நீங்கியதும் வயிறாரத் தின்று விழுந்தார்கள். அவர்களின் சூடு உள்ளே இருந்த வலுக்குறைவின் குழந்தை. அதை மிகை என்று எண்ணி வெளியேற்றியதால்தான் இத்தனை பேர் மாண்டார்கள் என்றார். இன்றைய கண்ணோட்டத்தில் அது ஏதோ ஒரு கொள்ளைநோயாக இருந்திருக்கவும் கூடும். ஆனால் அவர் கேட்ட கேள்வி நம் இழைக்குரியது.

உள்ளிருந்து வந்த சேதத்தையும் வெளியிலிருந்து வந்த தாக்குதலையும் பிரிக்க அவர் தனி நூலே எழுதினார். அதில் மிக எளிய ஒரு சோதனை உண்டு: உள்ளங்கை புறங்கையை விடச் சூடாக இருந்தால் உட்சேதம், புறங்கை சூடாக இருந்தால் வெளித்தாக்குதல். இதை நான் வேதவாக்காகச் சொல்லவில்லை. இரண்டு விளக்கங்களும் ஒரே குறிக்குப் பொருந்தும்போது, எந்த ஒரு குறி அவற்றைப் பிரிக்கும் என்று தேடும் பழக்கத்தைச் சொல்கிறேன்.

மாணவத் தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. சூடும் குளிர்ச்சியும் உண்மையாகவே கலந்திருப்பது வேறு. ஒன்று மட்டுமே உண்மையாக இருந்து மற்றது வேடம் போடுவது வேறு. ஷாங்ஹான் லுன்னின் 11ஆம் வரி இதைத்தான் சொல்கிறது: உடல் கொதிக்கிறது, ஆனாலும் போர்த்திக்கொள்ள விரும்புகிறான் என்றால் சூடு தோலில், குளிர்ச்சி எலும்புக்குள், உடல் சில்லிட்டிருக்கிறது, ஆனாலும் துணியைத் தள்ளுகிறான் என்றால் அது தலைகீழ். நோயாளி விரும்புவதை அங்கே தோலின் சூட்டை விட நம்பகமான சாட்சியாகக் கொள்கிறார்கள். முகம் சாயம் பூசியது போலச் சிவந்து, தாகம் என்று சொல்லிக்கொண்டே வெந்நீரை ஒரு வாய் மட்டும் பருகி, பெரிதாகத் துள்ளும் நாடி அழுத்தினால் வெறுமையாக இருந்தால், அங்கே கசப்பு மருந்து கொடுப்பது ஆளையே கொன்றுவிடும். உங்கள் கடைக்காரர் குளிர்ந்த நீர் கேட்கிறாரா, வெந்நீர் கேட்கிறாரா? உங்கள் குறிப்பில் அது இல்லை.

கடலோரவாசி எழுதியது:

ஒரு சிறு கேள்வி. அந்த நாக்கை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள்? நம்மவர்களில் பெரும்பாலோர் காலையில் பல் துலக்கும்போதே நாக்கை வழித்துவிடுவார்கள். வழித்த நாக்கைப் பார்த்து ‘படிவு இல்லை, யின் (குளிர்ச்சியும் ஈரமும் தரும் ஆற்றல்) குறை’ என்று எழுதிய மாணவர்களை நான் அறிவேன். நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன். தேநீர், வெற்றிலை, மஞ்சள் தூக்கலான குழம்பு எல்லாமே படிவுக்குச் சாயம் ஏற்றும். இரண்டு நாள் வழிக்க வேண்டாம் என்று சொல்லி, வெறும் வயிற்றில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

பொதுமருத்துவர்_ஈப்போ எழுதியது:

நான் சீன மருத்துவம் பயின்றவன் அல்லன். 54 வயதில் மலம் கழிக்கும் பழக்கம் மாறி நீண்ட நாளாகத் தொடர்ந்தால், எந்தக் கோலமாயினும் முதலில் குடல்நோக்கிப் பரிசோதனை பற்றிப் பேச வேண்டும். மலத்தில் இரத்தம், எடை குறைவு, இரத்தச்சோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் கழிச்சல் ஆகியவற்றைக் கேட்டீர்களா? இரண்டாவதாக, நீரிழிவு என்று எழுதிவிட்டு மாத்திரையின் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். இரத்த அழுத்தத்துக்குப் பீட்டா தடுப்பி எடுப்பவருக்கு நாடி மெதுவாக ஓடும். அதை உங்கள் நூல் குளிர்ச்சி என்று படிக்கும் என நினைக்கிறேன். மருந்துச் சீட்டைப் பார்க்காமல் நாடி பார்ப்பது எந்த மருத்துவத்திலும் பாதிப் பார்வைதான்.

பினாங்கு_மாணவன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சுக்குவெந்நீர் அக்கா கேட்டபடி அவரை மறுபடியும் வரவழைத்து முக்கால் மணி நேரம் பேசினேன். முதல்முறை நான் எடுத்துக்கொண்டது பன்னிரண்டு நிமிடம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஷூ தி ஹுவாங் சேர்த்திருந்தேன், ஆம்.

வரிசை இதுதான். வாய்ப்புண்ணும் நெஞ்சுக்கு மேல் சூடும் மிகப் பழையவை. ஏறத்தாழ பத்தாண்டுகளாக, கடையைப் பூட்டி நள்ளிரவில் காரமாகச் சாப்பிட்டுப் படுக்கும் காலத்திலிருந்து இருக்கின்றன. அப்போது மலம் இறுகியே இருந்ததாம். இரண்டரை ஆண்டுக்கு முன் நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டு மெட்ஃபார்மின் தொடங்கினார்கள். அதே மாதம் யாரோ சொன்னதைக் கேட்டு, தினமும் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் பாகற்காய்ச் சாறு குடிக்கத் தொடங்கி, இன்றுவரை நிறுத்தவில்லை. அடுத்த மூன்று நான்கு மாதங்களில் கழிச்சலும், பிறகு உப்புசமும், கடைசியாகப் பாதக் குளிர்ச்சியும் வந்தன. மாத்திரையின் அளவை ஒருமுறை கூட்டியபோது கழிச்சலும் கூடியது. வேறு மருந்து எதுவும் இல்லை.

வெந்நீர்தான் குடிக்கிறார், குளிர்ந்த நீர் குடித்தால் உடனே கழிப்பறைக்குப் போக வேண்டும் என்கிறார். மேல்வயிறு அழுத்தினால் மெத்தென்று இருக்கிறது, வலிக்கவில்லை. இரத்தம் இல்லை, எடை குறையவில்லை, இரவில் எழுவதில்லை. வழிக்காத நாக்கைக் காலையில் பார்த்தேன்: படிவு வெள்ளை, வேரருகே மட்டும் இலேசான மஞ்சள். முதல்முறை நான் பார்த்தது மாலை ஐந்து மணிக்கு, தேநீருக்குப் பிறகு.

பொதுமருத்துவர்_ஈப்போ எழுதியது:

மெட்ஃபார்மின் கழிச்சலை உண்டாக்குவது மிகவும் அறியப்பட்ட விளைவு. மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினால் பலருக்குக் குறையும். நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு உயிர்ச்சத்து பி12 குறையக்கூடும். அது குறைந்தால் நாக்கு மாறும், வாய்ப்புண் வரலாம், பாதத்தில் உணர்வு கெடலாம். நீரிழிவே பாத நரம்புகளைத் தாக்கும். உங்கள் சிவந்த நுனியிலும் சில்லிட்ட பாதத்திலும் இவற்றின் பங்கு எவ்வளவு என்று இரத்தப் பரிசோதனையும் நரம்புப் பரிசோதனையும் இல்லாமல் யாரும் சொல்ல முடியாது. மாத்திரையை அவராக நிறுத்தக்கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் அனுப்புங்கள். ஹுவாங் லியெனில் உள்ள பெர்பெரினும் சர்க்கரையைக் குறைக்கும், பாகற்காயும் குறைக்கும். மெட்ஃபார்மினோடு இவை இரண்டும் சேர்ந்தால் தாழ்சர்க்கரை வரக்கூடும். அதிமதுரம் நாட்பட்டால் இரத்த அழுத்தத்தைக் கூட்டிப் பொட்டாசியத்தைக் குறைக்கும்.

சுக்குவெந்நீர் எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னதை முதலில் செய்யுங்கள். அதற்குப் பிறகே என் வாசிப்பு.

சூடு மூத்தது, குளிர்ச்சி இளையது. இரவு உணவாலும் காரத்தாலும் இரைப்பையில் பத்தாண்டுச் சூடு இருந்தது; அதன்மேல் கசப்பும் குளிர்ச்சியும் உள்ள பாகற்காய் இரண்டரை ஆண்டு தினமும் வெறும் வயிற்றில் விழுந்தது. சீன உணவு நூல்களும் பாகற்காயைக் கசப்பு, குளிர்ச்சி என்றே சொல்கின்றன. மேலே இருந்த சூட்டை அது முழுதாகத் தணிக்கவில்லை. கீழே இருந்த வெம்மையைக் கெடுத்தது. பேதி மருந்தின் இடத்தில் பாகற்காயை வைத்துப் பார்த்தால் 149ஆம் வரியின் கதைதான். நீங்கள் கண்ட ஆறில், மஞ்சள் படிவை நம்பி எழுதிய ஈரச் சூடு பெருமளவு தேநீரோடு போய்விடுகிறது. சிறுநீரக யாங் குறைக்கு மூன்றாம் விரலின் நாடி தவிர வேறு சாட்சி குறைவு. விடியற்காலைக் கழிச்சலைப் பற்றியும் இடுப்பு வலியைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை. இதய நெருப்பும் இரைப்பைச் சூடும் ஒரே சூட்டின் இரு முகங்கள். நாண் போன்ற நாடியை, அடைப்பின் விளைவாக இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம். மீதி இருப்பது நடுப்பகுதியின் வலுக்குறை, மேலே பழைய சூடு, கீழே புதிய குளிர்ச்சி.

ஏடுபுரட்டி எழுதியது:

ஒரு மாறுபாட்டைப் பதிவு செய்கிறேன். இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட கழிச்சல் என்பதால் ‘வூ மெய் வான்’ உருண்டையையும் நினைக்க வேண்டும். அதைக் குடற்புழு மருந்து என்றே பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். மூல நூலான ஷாங்ஹான் லுன்னிலேயே நாட்பட்ட கழிச்சலுக்கும் ஆகும் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. புளிக்காடியில் ஓர் இரவு ஊறிய 300 கரும்பிளம்களையும் சேர்த்துப் பத்துச் சரக்குகள் கொண்ட அந்த உருண்டையிலும் சூடும் குளிர்ச்சியும் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் அது நடுவயிற்றைத் தாண்டிக் கல்லீரல் வரை போய்விட்ட கலப்புக்குரியது: தாகம், நெஞ்சுக்கு ஏறும் ஆற்றல், பசியிருந்தும் உண்ண மனமின்மை, நள்ளிரவுக்குப் பின் மோசமாதல். இவை இல்லையென்றால் சுக்குவெந்நீர் அம்மையாரின் வாசிப்பே பொருந்தும். வூ மெய் வானில் ஃபூ ஸியும் இருக்கிறது. நம் சித்த மருத்துவத்தின் நாபிக்கு உறவான நச்சுக்கிழங்கு. மாணவர் கை வைக்க வேண்டிய சரக்கு அன்று.

நிறுத்துப்பார்ப்பவன் எழுதியது:

அப்படியானால் மருந்தைக் கொடுக்கும் முன்பே எழுதிவையுங்கள். மாத்திரை மாற்றமும் பாகற்காய் நிறுத்தமும் முதலில். கஷாயம் அதற்குச் சில வாரம் கழித்து. அக்காவின் வாசிப்பு சரியென்றால் எது முதலில் குறைய வேண்டும்? எது குறையாவிட்டால் அது தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு வம்சாவளியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்வதை மட்டும் ஏற்க மாட்டேன்.

சுக்குவெந்நீர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். இளையது முதலில் போக வேண்டும்: கழிச்சலும் குளிர்ந்த நீர் ஒவ்வாமையும். வாய்ப்புண் கடைசியில்தான் குறையும். அடைப்பு அசையாமல் வாய்ப்புண் மட்டும் குறைந்தால் என் வரிசை தவறு.

பினாங்கு_மாணவன் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். மருத்துவர் மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாற்றினார், பாகற்காயை நிறுத்தினார். குடல்நோக்கியில் தவறாக ஒன்றும் தெரியவில்லை. பி12 இயல்பின் கீழ் எல்லைக்கும் கீழே இருந்ததால் ஊசி தொடங்கியிருக்கிறார்கள். கஷாயம் இன்னும் கொடுக்கவில்லை. கழிச்சல் நாளுக்கு இரண்டு முறையாகிவிட்டது. அடைப்பு அப்படியே இருக்கிறது. வாய்ப்புண் இந்த மாதமும் வந்தது. பாதக் குளிர்ச்சி எங்கே சேரும் என்று தெரியவில்லை, நரம்புப் பரிசோதனை அடுத்த வாரம். இனி வாய்ப்புண் குறைந்தால் அது ஊசியாலா, கஷாயத்தாலா என்று பிரிக்க முடியாது என்பதால், அக்காவின் கணிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டு, அடைப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறேன். சர்க்கரையை எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அந்த மருத்துவரிடம் எழுதி வாங்கிய பிறகே ஹுவாங் லியெனைத் தொடுவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.

சுக்குவெந்நீர் எழுதியது:

எடுத்துவிடுங்கள். அடைப்பு மட்டும் போதும். காலை நாக்கைத் தினமும் அதே சன்னலருகே படமெடுத்து வையுங்கள், தேநீருக்கு முன்.